‘கல்யாணம் வரைக்கும் படகு வேண்டாம்’ என்ற மகனுக்கு

மக்கா,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, “யோசிச்சுச் சொல்லுதேன்” என்று சொல்லி வைத்துவிட்டேன். யோசித்துவிட்டேன். முடியாது.

இதை வாட்ஸ்அப்பில் ஒற்றை வரியில் அனுப்பியிருக்கலாம். அனுப்பினால் நீ உடனே கூப்பிடுவாய். நான் பேச ஆரம்பித்ததும், “எம்மா, ஒரு நிமிஷம், மீட்டிங்” என்பாய். அந்த ஒரு நிமிஷம் முடிவதற்குள் எனக்குச் சொல்ல வந்தது விட்டுப்போய்விடும். அதனால் எழுதுகிறேன். இதை ஒட்டி மூடப் போவதில்லை. உன் பெரியப்பா படிக்கட்டும். உனக்குப் பெண் கொடுக்கிற கோவில்பட்டிக்காரர்களும் படிக்கட்டும். ஒளித்துச் சொல்ல இதில் எதுவும் இல்லை.

“எம்மா, நீ படகு ஓட்டுற வீடியோவ பொண்ணு வீட்டுல எல்லாரும் பாத்துட்டாங்க. கல்யாணம் வரைக்கும் படகும் வேண்டாம், ஜிம்மும் வேண்டாம். அப்பா இல்லாத வீடு. பாக்குறவங்க என்ன நினைப்பாங்க?” இதுதான் நீ சொன்னது. கோபத்தோடு சொல்லவில்லை, கெஞ்சுவது போலத்தான் சொன்னாய். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. உன் அம்மா ஏதோ செய்யக் கூடாததைச் செய்துவிட்டாள் என்றும், நீ அதைப் பெரிய மனது வைத்துப் பொறுத்துக்கொள்கிறாய் என்றும் இருந்தது உன் குரல்.

நான் எதற்காக அந்தத் துடுப்பைப் பிடித்தேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இதைச் சொல்லியிருப்பேன்.

உன் அப்பா தவறிய வருஷமேதான் நான் தாலுகா ஆபீசிலிருந்து ரிட்டயர் ஆனேன். வீட்டில் ஆளும் இல்லை, போக ஆபீசும் இல்லை. காரியம் முடிந்து எல்லாரும் அவரவர் ஊருக்குப் போனார்கள், நீயும் சென்னைக்குப் போனாய். நான் சோபாவில் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், உட்கார்ந்தே இருந்தேன். டிவி ஓடும். சாப்பாடு என்று எதையாவது தட்டில் போட்டுக்கொண்டு அதன் முன்னாலேயே சாப்பிடுவேன். உடம்பு ஊதியது. சர்க்கரை மாத்திரை ஒன்றிருந்த இடத்தில் இரண்டானது. முட்டி இரண்டும் வீங்கிப் போய், கோயிலுக்குப் போனால்கூட வெளிப்பிரகாரத்தோடு திரும்பிவிடுவேன். நீ போனில் “எப்படிம்மா இருக்க?” என்று கேட்பாய். “நல்லா இருக்கேன் மக்கா” என்பேன். நீயும் நம்பினாய்.

ஒரு நாள் காலையில் மாத்திரை அட்டை கை தவறிக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. குனிந்து எடுக்க முடியாது என்று தரையில் உட்கார்ந்தேன். அட்டையை எடுத்துவிட்டேன். எழுந்திருக்க முடியவில்லை. கட்டில் காலைப் பிடித்துப் பார்த்தேன், அலமாரிக் கதவைப் பிடித்துப் பார்த்தேன், முழங்காலில் ஊன்றினால் உயிர் போகிற வலி. குண்டியால் நகர்ந்து நகர்ந்து அடுக்களை வாசல் வரைக்கும் வந்தேன், மக்கா. பின்வாசல் திறந்திருந்தது. பால்காரம்மா வந்து கையில் வாளியோடு நின்று, “என்னம்மா தேடுதிய?” என்று கேட்டாள். எந்திரிக்க முடியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளே புரிந்துகொண்டு வாளியைக் கீழே வைத்துவிட்டு, என் இரண்டு அக்குளுக்குள்ளும் கையைக் கொடுத்துத் தூக்கிவிட்டாள். அவள் போன பிறகு நான் அந்தக் கதவைப் பிடித்தபடி வெகுநேரம் நின்றேன். மறுபடி உட்காரப் பயமாக இருந்தது.

டாக்டர் நடக்கச் சொன்னார். ரத வீதியைச் சுற்றி நடந்தேன். முட்டி இன்னும் வீங்கியதுதான் மிச்சம். திருநெல்வேலியில் பிசியோதெரபி பார்க்கிற டாக்டரம்மா என் காலை மடக்கிப் பார்த்துவிட்டு, “உங்க முட்டி தேஞ்சதவிட தொடை பலவீனமானதுதாம்மா அதிகம். உடம்புப் பாரம் முழுசும் முட்டியில எறங்கக் கூடாது, ஆனா காலு வேலை செய்யணும். சைக்கிள் மிதிக்கலாம், நீச்சல் அடிக்கலாம், துடுப்புப் போடலாம்” என்றார்.

“எங்க ஊர்ல குடிக்கிற தண்ணியே லாரியில வருது டாக்டரம்மா. துடுப்ப எங்கன போய்ப் போட?” என்று கேட்டேன். அவர் சிரித்தார். “அதுக்கு மெஷின் இருக்கு. ஜிம்ல கேளுங்க. முதல்ல இதயத்துக்கு ஒரு ஈசிஜி எடுத்துக் காட்டிட்டு ஆரம்பிங்க.”

ஈசிஜி எடுத்தேன். சரியாக இருந்தது. ஆனால் ஜிம்முக்குப் போகிற தைரியம் எனக்கு இல்லை. அந்தத் தைரியத்தைக் கொண்டுவந்தவள் மும்தாஜ். என்னோடு ஆபீசில் பக்கத்து நாற்காலியில் இருந்தவள், கடையநல்லூர்க்காரி. உனக்கு நோன்புக் கஞ்சி கொடுத்தனுப்புவாளே, அவளேதான். அவள் வீட்டுக்காரர் வளைகுடாவிலிருந்து திரும்பி வந்து மாரடைப்பில் படுத்து எழுந்தவர். அந்தப் பயத்தில் அவள் எனக்கு முன்னாலேயே போய் விசாரித்து வைத்திருந்தாள். “ஏட்டி, பதினோரு மணிக்கு லேடீஸ் டைமாம். ஒரு ஆம்பள கிடையாது. பயிற்சி குடுக்கதும் பொம்பளப் பிள்ளதான். நீ வரலன்னா நானும் போவல. எனக்கு ஏதும் ஆச்சுன்னா அல்லாகிட்ட உன் பேரச் சொல்லுவேன், பாத்துக்க” என்றாள். சேலையோடு அதில் உட்கார முடியாது. அறுபது வயதில் முதல்முறையாகச் சுடிதார் தைத்தேன். தையல்காரம்மா, “மருமகளுக்கா?” என்று கேட்டாள். “எனக்குத்தான்” என்றேன்.

ஜிம் மாடியில் இருக்கிறது. கீழே விசைத்தறி ஓடுகிற சத்தம் தரை வழியாக ஏறி வரும். மெஷினில் சின்னதாக ஒரு இருக்கை, தண்டவாளத்தில் உருள்வது போல முன்னும் பின்னும் உருளும். காலை வாரில் கட்டிக்கொண்டு, எதிரே இருக்கும் கைப்பிடியைப் பிடித்து இழுக்க வேண்டும். பார்த்தால் கையால் செய்கிற வேலை மாதிரி இருக்கும். நானும் அப்படித்தான் நினைத்து, கிணற்றில் தண்ணீர் இறைப்பது போலக் கையாலும் முதுகாலும் இழுத்தேன், அதுவும் கீழே ஓடுகிற தறியின் வேகத்துக்கு. மறுநாள் இடுப்பு பிடித்துக்கொண்டது. “ஆன்ட்டி, தறியக் கேக்காதீங்க, உங்க மூச்சக் கேளுங்க” என்றாள் அந்தப் பெண். காலால் உதைத்துத் தள்ள வேண்டும். கால் நீண்ட பிறகு உடம்பு லேசாகச் சாய வேண்டும். கை கடைசியில்தான் நெஞ்சுக்கு வர வேண்டும். திரும்பும்போது கை முதலில், உடம்பு அடுத்து, கால் கடைசியில் மடங்க வேண்டும். இதைப் பழக எனக்கு ஒரு மாதம் ஆனது. முழுவதும் மடக்க முடியாத முட்டிக்கு, எவ்வளவு மடங்குகிறதோ அவ்வளவு போதும் என்று விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அதுவாகவே அதிகம் மடங்கியது.

எனக்குச் சர்க்கரை போய்விட்டது என்று பொய் சொல்ல மாட்டேன். இருக்கிறது. ஆனால் இரண்டாவது மாத்திரையை டாக்டர் நிறுத்திவிட்டார். பிரஷர் இறங்கியிருக்கிறது. மாடிப்படி ஏறினால் பேச்சு நின்றுபோகும் அளவுக்கு மூச்சு வாங்குவதில்லை. படுத்தால் தூக்கம் வருகிறது. உன் அப்பா போனதிலிருந்து வராத தூக்கம். ஆபீஸ் நாற்காலியில் கூன் விழுந்த முதுகு நிமிர்ந்திருக்கிறது. தொடை, வயிறு, தோள், கை எல்லாம் ஒரே வேலையில் அசைகின்றன, முட்டியில் மட்டும் அடி விழுவதில்லை. இதெல்லாம் உடம்புக்கு. மனதுக்கு என்ன செய்தது என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. பதினொரு மணி எப்போது வரும் என்று காத்திருக்க எனக்கு ஒன்று கிடைத்தது என்று வைத்துக்கொள்.

அப்படியிருக்கும்போதுதான் ஆனி கடைசியில் குற்றாலத்தில் சாரல் என்றார்கள். “எத்தன நாளைக்கு இந்த இரும்பையே இழுக்க? தண்ணியில இழுத்துப் பாப்பமா?” என்று மும்தாஜ்தான் ஆரம்பித்தாள். தென்காசிக்கு ரயிலில் போய், அங்கிருந்து ஐந்தருவிப் பக்கம் இருக்கும் படகுக் குளத்துக்குப் போனோம்.

அந்தக் குளம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நீ ஒன்றாம் வகுப்பு படிக்கும்போது போனோம். நீயும் அப்பாவும் படகில் ஏறினீர்கள். எனக்கும் ஆசைதான். ஆனால் பையையும் செருப்பையும் யார் பார்த்துக்கொள்வது? கரையில் உட்கார்ந்து, நீங்கள் ஒவ்வொரு சுற்றும் வரும்போது கையாட்டினேன். உன் அப்பாவைக் குறை சொல்லவில்லை. அன்றைக்கு அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் வாய் திறந்து கேட்கத் தோன்றவில்லை.

இந்த முறை செருப்பைப் படகிலேயே போட்டுக்கொண்டேன். மும்தாஜ் புர்காவுக்கு மேல் மிதவைச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். படகுக்காரர், “ஆளு அனுப்பவா யக்கா?” என்றார். “வேண்டாம், நாங்களே ஓட்டிக்கிடுதோம்” என்று சொல்லித் துடுப்பைப் பிடித்தேன். “அப்ப திரும்பி உக்காருங்க. போற பக்கம் முதுகக் காட்டணும்” என்றார். அது எங்களுக்குத் தெரியவே தெரியாது. எனக்குப் பாதை தெரியாது, எதிரே உட்கார்ந்திருக்கும் மும்தாஜுக்குத்தான் தெரியும். அவள், “இடது! இடது! ஏட்டி, உன் இடது இல்ல, என் இடது!” என்று கத்த, படகு சுற்றியதையே சுற்றியது. ஒரு துடுப்பு தண்ணீருக்குள் போகாமல் மேலாக வழுக்கி, அவள் முகத்தில் ஒரு வாளித் தண்ணீரை அடித்தது. அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “வுளு செஞ்சாச்சு” என்றாள், தொழுகைக்கு முகம் கழுவியாச்சு என்று. நான் சிரித்தேன், மக்கா. வயிறு வலிக்கச் சிரித்தேன். அப்புறம் மூச்சைக் கேட்டு, காலை ஊன்றி, நிதானமாக இழுத்தேன். படகு நேராகப் போனது. என் உடம்பின் பலத்தில் ஒரு பொருள் தண்ணீரின் மேல் நகர்கிறது. முகத்தில் சாரல். பின்னால் மலை. எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

பக்கத்துப் படகில் இருந்த சில பையன்கள், “ஏலே, ஆச்சி ரேஸ் விடுதுலே!” என்று படம் பிடித்தார்கள். அந்தப் படம் நம்மூர் குரூப்பில் வந்து, கடையநல்லூர்க்காரர்கள் கையில் ஏறித் துபாய் போய், அங்கிருந்து கோவில்பட்டிக்கும் சென்னைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

நீ கூப்பிட்ட மறுநாள் பெரியப்பாவும் பெரியம்மாவும் வீட்டுக்கு வந்தார்கள். அவரைப் பற்றி நான் மட்டமாகச் சொல்ல மாட்டேன். உன் அப்பா ஆஸ்பத்திரியில் இருந்தபோது சோறு தண்ணியில்லாமல் கூடவே நின்றவர் அவர். காப்பித் தட்டோடு நான் வந்தபோதே ஆரம்பித்துவிட்டார்.

“ஏம்மா, நான் சொன்னா தப்பா எடுக்காத. ஊரே பேசுது.”

“என்ன பேசுதாவ அத்தான்?”

“அந்தப் படகு விஷயந்தான். தம்பி போயி முழுசா ரெண்டு வருஷம் ஆவல. நீ அங்கன கெக்கே பிக்கேன்னு சிரிச்சிக்கிட்டு…”

“படகு ஓட்டுனது தப்பா, சிரிச்சது தப்பா?”

காப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு அடுத்ததற்குப் போனார். “அது கெடக்கட்டும். கல்யாணத்துல மணையில நானும் உங்க அக்காவும் உக்காந்துக்கிடுதோம். உனக்குத்தான் முட்டி வலியாச்சே. தரையில உக்காந்தா எந்திரிக்க முடியாதுல்லா?”

நான் தட்டை மேஜையில் வைத்தேன். அவருக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். கையை மடியில் வைத்துக்கொண்டு, காலை ஊன்றி எழுந்தேன். கொஞ்சம் ஆட்டம் இருந்தது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் கை தரையில் படவில்லை. பெரியம்மா, “எம்மாடி!” என்றார். மறுபடி உட்கார்ந்து மறுபடி எழுந்தேன்.

“இன்னும் எத்தன தடவ வேணும் அத்தான்?”

அவர் முகம் சிவந்தது. “முட்டிய மட்டும் பாத்தா போதுமா? சம்பிரதாயம்னு ஒண்ணு இருக்குல்லா?”

“அப்ப அதச் சொல்லுங்க. புருசன் இல்லாதவ மணையில உக்காரக் கூடாதுன்னு நேராச் சொல்லுங்க. அதுக்கு எதுக்கு என் முட்டியக் காரணம் காட்டுதிய? அது நல்லாத்தான் இருக்கு.”

பெரியப்பா பாதிக் காப்பியோடு எழுந்தார். “அவன்கிட்ட பேசிக்கிடுதேன்” என்றார். “பேசுங்க” என்றேன். வாசல் வரை போய் வழியனுப்பினேன். அவர்கள் தெருமுனை திரும்பியதும் உள்ளே வந்து அழுதேன். அதையும் உனக்குச் சொல்லிவிடுகிறேன், அம்மாவுக்கு நெஞ்சு கல்லாகிவிட்டது என்று நீ நினைத்துவிடக் கூடாது. அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு, பதினொரு மணிக்கு ஜிம்முக்குப் போனேன்.

சாயங்காலம் உன் மாமியாருக்கு நானே போன் போட்டேன். உன்னிடம் சுற்றி வந்த பேச்சை நான் ஏன் சுற்றிக் கேட்க வேண்டும்? “மதினி, அந்த வீடியோ உங்க வீட்டுல சங்கடமா இருந்துச்சா? மறைக்காமச் சொல்லுங்க” என்றேன். அவர்கள் மறைக்கவில்லை. “எங்க ஆளுக பேசத்தான் செஞ்சாவ மதினி. எனக்குமே மொதல்ல ஒரு மாதிரிதான் இருந்துச்சு. பொண்ணு மட்டும் ஒண்ணும் சொல்லல. சேமிச்சு வச்சிருக்கா” என்றார்கள். “நான் நிறுத்தப் போறதில்ல மதினி. மணையிலயும் நாந்தான் உக்காருவேன். இதுல உங்களுக்கு மனசு ஒப்பலன்னா இப்பமே சொல்லிருங்க” என்றேன். அந்தப் பக்கம் யாரையோ டிவியை நிறுத்தச் சொன்னார்கள். பிறகு, “உக்காருங்க. நான் எங்க ஆளுககிட்டச் சொல்லிக்கிடுதேன். ஆனா ஒண்ணு, ஆவணி வரைக்கும் தொப்பி போட்டுக்கிட்டு ஓட்டுங்க. கல்யாணப் படத்துல கறுத்துத் தெரிவிய” என்றார்கள். எனக்கு அந்த அம்மாவைப் பிடித்துவிட்டது. உனக்கு நல்ல இடம்தான் அமைந்திருக்கிறது.

இனி உன்னைப் பற்றி. போன பொங்கலுக்கு வந்தபோது பையைத் தூக்க முடியாமல் இடுப்பில் பெல்ட் கட்டிக்கொண்டு இறங்கினாய். முப்பது வயது. காலையில் நாற்காலி, மத்தியானம் நாற்காலி, ராத்திரி மெத்தையில் சாய்ந்துகொண்டு லேப்டாப். நான் செய்த அதே உத்தியோகம்தான், சம்பளம் மட்டும் அதிகம். உட்கார்ந்தே இருப்பதை இந்த உலகம் மரியாதை என்று சொல்லும். பெரிய ஆபீசர் உட்கார்ந்திருப்பார், கல்யாண வீட்டில் பெரிய மனிதர் உட்கார்ந்திருப்பார், வயதான அம்மாவை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்வான் நல்ல பிள்ளை. நீ நல்ல பிள்ளை. என்னை உட்கார வைத்துப் பார்த்துக்கொள்ளவே ஆசைப்படுகிறாய். அந்த மரியாதை எனக்கு வேண்டாம். அதில் இருந்து பார்த்துவிட்டேன், அடுக்களை வாசல் வரைக்கும் நகர்ந்துகொண்டுதான் வர முடிந்தது. நீயும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள். படகுதான் வேண்டும் என்றில்லை. மூச்சு வாங்க வேண்டும், வேர்க்க வேண்டும், அது நீ விரும்பிச் செய்கிறதாக இருக்க வேண்டும். வரப்போகிற பெண்ணும் எதையாவது விரும்பிச் செய்வாள். அப்போது மற்றவர்கள் என்ன நினைப்பார்கள் என்று அவளிடம் கேட்காதே. அவளுக்கு எப்படி இருந்தது என்று கேள்.

கடைசியாக ஒன்று. கல்யாண அழைப்பிதழின் மாதிரி பிரஸ்ஸிலிருந்து வந்தது, பெரியப்பா எழுதிக் கொடுத்தது. அழைப்பவர் இடத்தில் அவர் பெயர் இருந்தது, ‘காலஞ்சென்ற’ என்று போட்டு உன் அப்பா பெயர் இருந்தது. என் பெயர் எங்கேயும் இல்லை. முப்பது வருஷம் உன்னை வளர்த்தவள் அந்த அட்டையில் எந்த மூலையிலும் இல்லை. நான் கையோடு பிரஸ்ஸுக்குப் போனேன். அழைப்பவர் என்ற இடத்தில் என் பெயரை எழுதினேன். பெரியப்பா பெரியம்மா பெயரை அதற்குக் கீழே, அதே அளவு எழுத்தில் போடச் சொன்னேன். அவர்களும் உன்னை வளர்த்தவர்கள்தான். பிரஸ்காரர் தாளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

“யக்கா, பெரியவரு கோவிச்சுக்கிட மாட்டாரா?”

“கோவிச்சுக்கிடுவாரு. அடிங்க.”

வெள்ளிக்கிழமை அச்சேறுகிறது. ஏதாவது சொல்வதாக இருந்தால் அதற்குள் கூப்பிடு. பதினொரு மணியிலிருந்து பன்னிரண்டு வரைக்கும் எடுக்க மாட்டேன்.

அம்மா